போனுக்கு மட்டும் சொன்னது

இந்த முறை சோப்பு. நல்லவேளை, சோப்பு யாரையும் ஒன்றும் கேட்காது, நுரைத்துவிட்டுப் போய்விடும். திரையின் மூலையில் ஐந்து நான்கு மூன்று என்று எண் குறைந்து முடிந்ததும் ரிமோட்டை வைத்திருக்கும் தினகரன் அண்ணன் அமுக்குகிறார், மறுபடியும் கல்யாண மண்டபம், மறுபடியும் நாதஸ்வரம். தம்பி மகன் கல்யாணத்தில் தான் கட்டியிருந்த அரக்குப் பட்டு எப்போது வரும் என்று அத்தை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனியில் நடந்த கல்யாணத்தை ஆவணியில்தான் நெட்டில் ஏற்றினார் போட்டோக்காரர், அதற்குள் மாப்பிள்ளைக்குத் தொப்பையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு உண்ட மயக்கம், மாமா உள்ளே குறட்டை விடுகிறார், அத்தையின் மகன், என் வீட்டுக்காரர், சோபா ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருக்கிறார். இவருடைய அக்கா, என் நாத்தனார் பிரபா நங்கை பப்பாளி அறுக்கச் சமையலறைக்குப் போயிருக்கிறார். தினகரன் அண்ணன் நங்கையின் வீட்டுக்காரர், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி, மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் திருப்பூருக்கு வந்தால் இந்த வீட்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். எல்லோருக்கும் டிவியில் கல்யாணம் ஓடுகிறது. எனக்கு மட்டும் கல்யாணத்துக்கு நடுவில் வரும் விளம்பரங்கள்தான் ஓடுகின்றன. சோப்பு, அதற்கு முன்னால் கார், அதற்கும் முன்னால் சமையல் எண்ணெய். அடுத்தது என்ன என்று தெரியாது. அதாவது தெரியும், எப்போது என்றுதான் தெரியாது.

இந்த டிவி என் பெயரில் ஓடுகிறது. ஆடித் தள்ளுபடியில் காசு கொடுத்து வாங்கியது இவர், பெயர் என்னுடையது. மாட்டிய அன்று தினகரன் அண்ணன், வீட்டுக்கு ஒரு அக்கவுண்ட் போதும் ஜீவிதா, உன்னோடதையே போட்டுடறேன், நீதான் பாஸ்வேர்டு மறக்க மாட்டே என்றார். நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், அங்கிருந்தே கத்திச் சொன்னேன், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று விளக்கமாக, பக்கத்து வீட்டுக்காரர் எழுதி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அன்றைக்கு அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டார், நானும் எதற்கு என்று கேட்காமல் கத்தினேன். இந்த வீட்டில் சீப்பு பொது, துண்டு பொது, செருப்புகூட அவசரத்துக்குப் பொது, பெயரும் பொதுவாகிவிட்டால் என்ன என்றுதான் அப்போது தோன்றியது. ஒரு பெயருக்குள் இவ்வளவு போட்டு வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். நான் ராத்திரி போர்வைக்குள் போனில் கேட்டதெல்லாம் பகலில் ஹாலில் இவ்வளவு பெரிய திரையில் வந்து நிற்கும் என்று யார் சொன்னார்கள். போர்வைக்குள் தனியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என்ன தனிமை, அங்கேயும் ஒருத்தன் உட்கார்ந்து குறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா அழுகிறார். இந்தப் பெண்ணையும் இனிமேல் கேட்க ஆரம்பிப்பார்கள். விசேஷம் உண்டா, ஏதாச்சும் விசேஷமா, இன்னும் விசேஷம் இல்லையா. கோயிலில், மளிகைக் கடையில், துக்க வீட்டில் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுகூட என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் அது உண்டு என்று ஆனபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மூன்று மாதம் முழுசாகத் தாண்டட்டும், அதுவரை மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று என் அம்மா யார் யாருக்கோ சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான், அம்மாவிடமே சொல்லவில்லை. இவருக்கே மறுநாள் சாயந்திரம்தான் தெரியும், அன்று கம்பெனியில் இரவு வேலை. ஆனால் போனுக்கு அன்று காலையிலேயே தெரியும். குளியலறையில் நின்றபடியே கர்ப்பிணிப் பெண்களுக்கான ஆப் ஒன்றை இறக்கினேன், கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி என்று கேட்டது, கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் என்பது நினைவிருந்தது, போட்டேன். ஆவணியில் பிறக்கும் என்றது. பூப்போட்ட எழுத்தில் வாழ்த்துச் சொன்னது. எனக்கு முதன்முதலில் வாழ்த்துச் சொன்னது அதுதான், அதற்காக அழுதேன்கூட. கண் பட்டுவிடும் என்று மனுஷர்களிடம் மறைத்தேன், அதற்குக் கண் இருப்பதாகவே தோன்றவில்லை.

பொங்கல் முடிந்த வாரம். தைப்பூசத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது, காவடி பார்க்கப் போகலாம் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீஸில் பாதி நாளில் ஒரு வலி, பிறகு ஆட்டோ, பிறகு ஸ்கேன் எடுக்கும் அறை, அந்த ஜெல்லின் சில்லிப்பு. ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள், அதிலேயே தெரிந்துவிட்டது. துடிப்பு இல்லை. டாக்டரம்மா சகஜம்தாம்மா, நெறையப் பேருக்கு ஆகறதுதான் என்றார். சகஜம் என்றால் ஏன் யாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை என்று கேட்க நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாம் முடிந்து சாயந்திரமே வீட்டுக்கு வந்தோம். அத்தையிடம் காய்ச்சல் என்று இவர் சொன்னார், காய்ச்சல்தான் என்று நானும் சொன்னேன், அத்தை மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு சூடு ஒன்றும் இல்லையே என்றார், உள் காய்ச்சலுங்க என்றேன். சொல்லியிருந்த சேதி என்றால் போய்விட்டது என்று சொல்லலாம். சொல்லாத விசேஷத்துக்குத் துக்கம் விசாரிக்க யார் வருவார்கள். இல்லாதது இல்லாமலே போய்விட்டது. இவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நான்காம் நாள் சாப்பிட்டார், அது தப்பும் இல்லை, மனிதர் வேலைக்குப் போக வேண்டும். அந்த ஆப்பை மொதல்ல எடுத்துடு என்றார். எடுத்துவிட்டேன்.

எடுத்தால் போய்விடுமா. அந்தத் தேதியை அதற்குள் யார் யாருக்கு விற்றார்களோ. மாசியில் வயிற்றில் வரி விழாமல் இருக்க எண்ணெய் வந்தது. பங்குனியில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி. சித்திரையில் குழந்தைக்குப் பெயர், ஆண் என்றால் இவை பெண் என்றால் இவை என்று. வைகாசியில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கிறோம் என்று ஒரு கம்பெனி. ஒவ்வொரு மாதமும் சரியாக வளர்ந்துகொண்டே வந்தது. எங்கேயோ ஒரு குளிர்ந்த அறையில் ஏதோ ஒரு மெஷினுக்குள் என் பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது, என் வயிற்றில்தான் இல்லை. பிள்ளை போனது அந்த மெஷினுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த வாரமே ராத்திரி முழுக்க அதே போனில்தானே கேட்டேன், துடிப்பு நின்றால் திரும்ப வருமா, ஸ்கேன் தப்பாகக் காட்டுமா, மாடி ஏறினதால் ஆகுமா, நான் என்ன செய்தேன், நான் என்ன செய்தேன் என்று. அதையும்தானே குறித்துக்கொண்டிருப்பார்கள். குறித்திருப்பார்கள், ஆனால் அதை வைத்து விற்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது. போன பிள்ளைக்கு என்ன வாங்குவார்கள். வருகிற பிள்ளைக்கென்றால் எவ்வளவோ இருக்கிறது, அதனால் அவர்களுக்கு என் பிள்ளை வருகிறது, வந்துகொண்டேயிருக்கிறது. பாவிகள். ஒரு நாள் கோபத்தில் விளம்பரத்தின் மூலையில் இருந்த புள்ளிகளைத் தொட்டேன். இதில் விருப்பம் இல்லையா, இனி இதுபோல் காட்ட வேண்டாமா என்று கேட்டது. ஆம் என்று ஒரு பட்டன், அவ்வளவுதான், விரலை வைத்தால் முடிந்தது. வைக்க முடியவில்லை. இந்த உலகத்தில் என் பிள்ளைக்கு இன்று எத்தனை மாதம் என்று கணக்கு வைத்திருப்பது அது ஒன்றுதான், அதையும் என் கையாலேயே வேண்டாம் என்று சொல்லவா? இவரிடம் இதைச் சொன்னால் பைத்தியமா உனக்கு என்பார். பைத்தியம்தான். நஞ்சு வைத்தவனிடமே தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரபா நங்கை பெரிய தட்டில் பப்பாளித் துண்டுகளோடு வந்து நடுவில் இருக்கும் ஸ்டூலில் வைக்கிறார். கொல்லையில் காய்த்தது, நல்ல செம்பழம், ஹால் முழுக்க அந்த வாசம். திரையில் தாலி கட்டப் போகிறார்கள், கெட்டிமேளம், அட்சதை வாங்க எல்லாக் கைகளும் நீளுகின்றன, இப்ப நான் வருவேன் பாருங்க என்று அத்தை முன்னால் நகர்ந்து உட்காருகிறார், தாலி பெண்ணின் கழுத்துக்குக் கிட்டே போகிறது, படம் நிற்கிறது. வெள்ளைத் துணி. வெள்ளைத் துணியில் ஒரு பாதம், கட்டைவிரல் தனியாக விறைத்துக்கொண்டு. நகம் இவ்வளவூண்டு. பிறந்த குழந்தையின் முதல் நாளுக்கு, உங்கள் செல்லத்தின் மென்மையான சருமத்துக்கு என்று ஒரு பெண்குரல் கொஞ்சுகிறது. டயப்பர். ஐந்து. யாராவது அமுக்குங்கள். நான்கு. தினகரன் அண்ணன் ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பப்பாளி தின்கிறார். மூன்று. இந்தப் பாதத்துக்கு எங்கள் ஆபீஸில் அளவு உண்டு. நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைத் துணி, கால் மூடின ரோம்ப்பர், முதல் சைஸுக்குப் பாதம் எத்தனை சென்டிமீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தை மாதத்துக்குப் பிறகு அந்த சைஸை மட்டும் பக்கத்து சீட்டு நித்யாவிடம் தள்ளிவிட்டுவிடுவேன், ஏன் என்று அவளும் கேட்டதில்லை. எண் முடிந்துவிட்டது. யாரும் அமுக்கவில்லை. குழந்தை இப்போது முகம் முழுவதும் தெரிய, கண்ணை மூடிக்கொண்டு தூக்கத்தில் சிரிக்கிறது.

"இதென்ன, நம்ம வீட்டு டிவில கொழந்தத் துணியெல்லாம் வருது," என்கிறார் பிரபா நங்கை, சிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்ல பூரா முட்டிவலித் தைலந்தான் வருது."

"அதெல்லாம் சும்மா வராது," என்கிறார் தினகரன் அண்ணன், வாய் நிறையப் பழத்தோடு. "யாராச்சும் எதாச்சும் தேடுனாத்தான் வரும். அந்த அக்கவுண்ட்ல என்ன பாக்கறாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி அவன் போடுவான். சொந்தக்காரங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சுரும்." சொன்ன பிறகுதான் அது யாருடைய அக்கவுண்ட் என்று அவருக்கே உறைக்கிறது, சட்டென்று ரிமோட்டைத் தேடி அமுக்குகிறார், தாலி கட்டி முடிந்திருக்கிறது.

இவர் விழித்துவிட்டார். என்னைப் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை. என்னிடம் பொய் தயாராக இருக்கிறது, பல நாளாகத் தயாராக இருக்கிறது, மடித்து அயர்ன் செய்து வைத்த துணி போல எடுத்துப் போட வேண்டியதுதான். ஆபீஸ் வேலைக்குத் தேடினேங்க நங்கை, எங்களுக்கு வர்ற ஆர்டரே இதுதானே, போனைத் திறந்தால் இந்தத் தொல்லைதான். சொன்னால் நங்கை நம்புவார், அண்ணன் அதானே என்பார், கல்யாணம் தொடரும். சொல்லப் போகிறேன். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் அத்தை கை நீட்டி என் முன்னால் இருந்த பப்பாளித் தட்டை எடுக்கிறார். எடுத்து நங்கையின் பக்கம் ஜன்னலோரமாக வைக்கிறார். பிறகு தன் பின்னாலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து என் மடியருகே நகர்த்துகிறார், உரித்த மாதுளை முத்து. "உனக்கு இது கண்ணு. அது சூடு," என்கிறார், அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, காட்டாமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறார் என்பது மட்டும் தெரிகிறது, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறார், கண் அப்படி மின்னுகிறது.

மாதுளை. இப்போது உரித்தது இல்லை இது. ஒரு கிண்ணம் மாதுளை உரிக்க எவ்வளவு நேரம் ஆகும், சோற்றுக்கு முன்னாலேயே உரித்திருக்க வேண்டும், விளம்பரம் வருவதற்கு முன்னாலேயே. அப்படியென்றால். ஒரு மாதமாக டிபன் பாக்ஸில் மாதுளை வைக்கிறார். தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து பிடுங்குகிறார். வண்டீல போவாத அம்மிணி, ரோடெல்லாம் குழி, பஸ்ல போ என்கிறார். இப்படித் தாங்குகிறாரே, என்ன காரியம் ஆக வேண்டுமோ என்று நானே இவரிடம் கேலி செய்தேன். விசேஷம் உண்டா என்று மாதம் தவறாமல் கேட்டவர் கேட்பதை நிறுத்தியிருந்தார், அலுத்துவிட்டது போல, பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அத்தையின் போன். அன்றைக்குத் தினகரன் அண்ணன் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்டாரே, அத்தைக்குப் புதுப் போன் வந்ததும் அதே நாள்தானே, அதிலும் என் அக்கவுண்டைத்தான் போட்டிருக்கிறார். அந்தப் போனில் அத்தை கந்தசஷ்டி கேட்கிறார், கோலம் பார்க்கிறார், இதையும் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையிடம் விளம்பரமெல்லாம் எதை வைத்து வருகிறது என்று பொதுவாகக் கேட்டும் இருப்பார், அவர் விளக்கமாகச் சொல்லியிருப்பார். எத்தனை நாளாகவோ. அந்தப் பாதத்தை, அந்தச் சிரிப்பை, எத்தனை தடவையோ. மருமகள் தானாக வந்து சொல்லட்டும், மூன்று மாதம் தாண்டட்டும், கேட்டால் கண் பட்டுவிடும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு. நான் மூடிக்கொண்ட மாதிரியே. ஒரே வீட்டில், ஒரே அடுப்பின் முன்னால் இரண்டு பேர், அவர் இருக்கிறது என்று மறைத்துக்கொண்டு, நான் இல்லை என்று மறைத்துக்கொண்டு. எனக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் செய்ததைப் பொறுத்துக்கொள்வேன், நானாகப் போட்ட தேதி. இந்தம்மா எந்தத் தேதியை யாருக்குக் கொடுத்தார்? கோலம் பார்க்கப் போனவருக்கு ஒரு பேரப்பிள்ளையைக் காட்டி, காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஆபீஸ் வேலைக்குத் தேடினேன் என்று இப்போதும் சொல்லலாம். சொன்னால் அந்தக் கண் அணையும், மருமகளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகும், பழையபடி கேட்க ஆரம்பிப்பார். சொல்லாமல் மாதுளையைத் தின்றால் இன்னும் கொஞ்ச நாள் பேரப்பிள்ளை இருக்கும், டிவியில் வளர்ந்துகொண்டிருக்கும், பிறகு வயிறு எங்கே என்று ஒரு நாள் பார்ப்பார். இரண்டிலும் என் பிள்ளை ஒன்று இருந்தது என்பது இல்லை. எழுந்து ஜன்னலோரம் போகிறேன். இவர் ஜீவிதா என்று கூப்பிடுவது காதில் விழுகிறது. தட்டிலிருந்து ஒரு பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் பக்கத்திலேயே தரையில் உட்காருகிறேன். அத்தை என் கையைப் பார்க்கிறார், அம்மிணி, என்று தடுக்க வருகிறார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடிக்கிறேன். இனிப்பு. மென்று விழுங்குகிறேன், இன்னொரு கடி. சாறு மணிக்கட்டு வழியாக இறங்குகிறது. அத்தையின் கை நடுவழியில் நிற்கிறது. கண்ணில் இருந்தது மெல்ல மெல்லப் போவதை நான் பார்க்கிறேன், பார்க்க வேண்டியிருக்கிறது, நான்தான் செய்கிறேன். டிவியில் எல்லோரும் பந்திக்குப் போகிறார்கள். அரக்குப் பட்டு கட்டிய அத்தை அங்கே சிரித்துக்கொண்டே யாருக்கோ இலை போடுகிறார், அந்தா அம்மா நீ என்று நங்கை கத்துகிறார், அத்தை திரும்பவில்லை.

அத்தை யோசிக்கிறார். என் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், இவர் தலையைக் குனிந்துகொள்கிறார். பின்னோக்கி மாதம் மாதமாக நடந்து போகிறார் என்பது எனக்குத் தெரிகிறது, ஆடி, ஆனி, வைகாசி, இன்னும் பின்னால். எதன் உதவியும் இல்லாமல், தானாகவே, அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

"பொங்கல் கழிச்சுப் படுத்திருந்தியே," என்கிறார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "அந்தக் காச்சலா கண்ணு?"

"ஆமாங்கத்தை."

பப்பாளி ஒட்டிய என் கையை அப்படியே தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொள்கிறார். முந்தானையால் துடைக்கிறார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார்.

"வெறும் மொளகு ரசத்தையல்லோ வெச்சுக் குடுத்தேன்," என்கிறார். "பத்தியஞ் செஞ்சு போட வேண்டிய ஒடம்புக்கு, ஒண்ணுந் தெரியாம, வெறும் ரசத்தையல்லோ ஊத்துனேன் சாமி."

சத்தமில்லாமல் அழுகிறார். எனக்கும் வருகிறது, தை மாதத்திலிருந்து இவருக்குத் தெரியாமல் குளியலறையில் அழுதது போல இல்லை, வாய்விட்டு வருகிறது, நங்கை பதறிப்போய் என்னாச்சு என்னாச்சு என்கிறார், கேட்கட்டும், சொல்லலாம். என் பிள்ளைக்கு அழ இன்னொரு ஆள் இருக்கிறது. டிவியில் அடுத்த விளம்பரம் வந்துவிட்டது, என்னவென்று நான் பார்க்கவில்லை.